மட்டக்களப்பு, அம்பாறை கோடைப் பயணம்: பலர் நிறுத்தாமல் கடந்துபோகும் இடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி, ஆவணி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும் வேன் பிடித்து மட்டக்களப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பாசிக்குடாவில் ஒரு பகல் குளித்து, அறுகம்பேயில் ஓர் இரவு தங்கித் திரும்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் ஒன்றரை நூறு கிலோமீற்றர் இருக்கிறது என்பதையும், அந்த நெடுகிலும் மட்டக்களப்பு வாவியின் மறுகரையில் இன்னொரு நாடே இருக்கிறது என்பதையும் இங்குள்ளவர்கள் எத்தனை தடவை சொன்னாலும் வருகிறவர்களுக்கு நேரம் போதுவதில்லை. எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறோம். அம்பாறை 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாகவே இருந்தது. பயணம் வருகிறவருக்கும் இரண்டும் ஒரே நிலந்தான் என்பதால் சேர்த்தே சொல்கிறோம்.

எந்த மாதங்களில் வருவது நல்லது?

சித்திரை தொடக்கம் புரட்டாசி வரை. வடகீழ்ப் பருவமழை எங்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் கொட்டும். அப்போது உட்புற வீதிகள் பல நீரில் மூழ்கிவிடும். கோடையில் கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும், மண் வீதிகள் காய்ந்திருக்கும், குளங்களில் நீர் வற்றுவதால் யானைகளும் பறவைகளும் நீர்க்கரையை நாடி வரும்.

ஆனால் வெயிலைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பகல் பத்து மணிக்கே முகத்தில் அனல் அடிக்கும், உதடு வெடிக்கும், நாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு மலைகளைத் தாண்டி வரும் காற்று அது, ஈரம் துளியும் இல்லாமல்தான் எங்களிடம் வந்து சேர்கிறது. ஆகவே இந்தப் பக்கத்தில் எதைப் பார்ப்பதானாலும் விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், நடுப்பகலை ஏதாவது ஒரு மர நிழலில் கழித்துவிட்டு நாலு மணிக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். ஊர்க்காரர்கள் வயலுக்குப் போய்வரும் நேரமும் அதுதான்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

நாலு நாள் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். மட்டக்களப்பு நகரில் இரண்டு இரவு, அம்பாறை நகரிலோ இங்கினியாகலையிலோ ஓர் இரவு, பொத்துவில் பக்கம் ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால் ஒரே வீதியில் இரண்டு தடவை ஓடவேண்டி வராது. இரண்டே நாள்தான் உண்டு என்றால் எல்லாவற்றையும் ஓட்டமாகப் பார்க்க முயலாமல், ஒரு நாளை வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கும் மறுநாளைப் பொத்துவிலுக்குத் தெற்கே உள்ள பகுதிக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவதே எங்கள் யோசனை.

படுவான்கரை, எழுவான்கரை என்கிறீர்களே, அவை எங்கே இருக்கின்றன?

எந்த வரைபடத்திலும் பெரிதாக எழுதப்பட்டிருக்காது. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம், சூரியன் எழும் பக்கம், ஆதலால் எழுவான்கரை. கல்முனை வீதியும் நகரங்களும் கடைகளும் பாடசாலைகளும் எல்லாம் அந்த மணல் கீற்றின் மேல்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை: வயலும் குளமும் காடும், நடுநடுவே பழைய ஊர்களும். இங்குள்ளவர்கள் வாவி என்று எழுதுவார்கள், பேசும்போது 'ஆறு' என்பார்கள். ஆற்றைக் கடந்து படுவான்கரைக்குப் போகாதவர் மட்டக்களப்பைப் பார்த்ததாக நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. இது எங்கள் பிடிவாதம், மன்னிக்க வேண்டும்.

படுவான்கரையை ஒரே நாளில் சுற்றிவர ஒரு வழி சொல்ல முடியுமா?

முடியும். மட்டக்களப்பிலிருந்து தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டியதும் மண்முனைப் பாலம் வரும். 2014 இல் இந்தப் பாலம் திறக்கப்படும்வரை இங்கே படகுப்பாதைதான். நோயாளியானாலும் நெல் மூட்டையானாலும் துறையில் காத்திருந்துதான் கடந்தது. பாலத்தின் நடுவில் நிறுத்த இடமில்லை, ஆகவே கடந்து மறுகரையில் இறங்கி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நீரில் நட்ட கம்புகள் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்.

அங்கிருந்து கொக்கட்டிச்சோலை அருகில்தான். தான்தோன்றீசுவரர் ஆலயத்தின் கதையைக் கேட்காமல் வரவேண்டாம். கொக்கட்டி மரத்தை வெட்டியபோது குருதி பாய்ந்து அங்கே இலிங்கம் வெளிப்பட்டது என்பது ஊரின் ஐதிகம். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் முன்னால் கல் நந்தி எழுந்து புல்லைத் தின்றது என்பது அதைவிடப் புகழ்பெற்ற கதை. அந்த நந்தியைக் காட்டும்படி கேட்டால் யாராவது ஒரு வயதானவர் தானாக முன்வந்து, தம் பாட்டனாரே பக்கத்தில் நின்று பார்த்தவர் போல விவரிப்பார்.

அதற்குப் பிறகு தெற்கே பழுகாமம், போரதீவு, வெல்லாவெளி வழியாக மண்டூருக்கு ஓடுங்கள். இந்த வீதியின் அழகு வயல்தான். சிறுபோக நெல் ஆடியில் கதிர் முற்றி, ஆவணியில் அறுவடைக்கு வரும். எல்லை தெரியாத வயல்வெளியின் நடுவே ஒற்றை மருத மரமும் அதன்கீழ் ஒரு சிறு பிள்ளையார் கோயிலும் நிற்கும்.

மண்டூர்க் கந்தசுவாமி கோயில் வாவியின் கரையில் நிற்கிறது. சின்னக் கதிர்காமம் என்ற பெயர் அதற்கு வெறும் புகழ்ச்சியாக வந்ததன்று. பூசை முறையே கதிர்காமத்தைப் போன்றது. பிராமணக் குருக்கள் இல்லை. கப்புகனார் எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் எதுவும் உரத்துச் சொல்லாமல், திரைக்குப் பின்னால் மௌனமாகப் பூசை செய்வார். ஆலயச் சூழலில் தில்லை மரங்கள் உண்டு. தில்லை மண்டூர் என்ற பெயரும் அதனால்தான். இலையைக் கிள்ளிப் பார்க்கும் பழக்கம் உள்ள பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், தில்லைப் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரிச்சல் தரும். ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி வரும் திருவிழாக் காலத்தில் வந்தால் கூட்டம் அதிகம், வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது. ஆனாலும் அந்த நாட்களில்தான் ஊரை முழுமையாகப் பார்க்கலாம்.

மண்டூரிலிருந்து திரும்பும்போது வந்த வழியே வரவேண்டாம். துறைக்குப் போய்ப் பாதையில் ஏறி மறுகரையில் குருமண்வெளிக்கு இறங்குங்கள்.

'பாதை' என்பது என்ன? வாகனத்தையும் ஏற்றலாமா?

வெளியூர்க்காரர்கள் இந்தச் சொல்லைக் கேட்டு வீதி என்று எண்ணிக் குழம்புவது வழக்கம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும், அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும் ஓடுபவை பெயர்பெற்றவை. பாலம் வேண்டும் என்ற கோரிக்கை இந்த ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. அது நியாயமானதுதான், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பாதையின் அழகை யார் பார்ப்பது?

மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் சிக்கல் இல்லை. வேனோ பெரிய வாகனமோ என்றால் துறையில் நிற்பவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் ஏற்றலாம் என்றால் மட்டும் ஏற்றுங்கள். இல்லையேல் வாகனத்தைச் சாரதியோடு பட்டிருப்புப் பாலம் வழியே சுற்றி அனுப்பிவிட்டு நீங்கள் நடந்து ஏறுங்கள். இரும்புத் தட்டின் மேல் சைக்கிள்களும், விதைநெல் மூட்டையில் சாய்ந்து நிற்கும் விவசாயியும், பாடசாலைச் சீருடையில் இரண்டு பிள்ளைகளும், கூடையில் மீன் கொண்டு திரும்பும் பெண்ணும் இருப்பார்கள். இயந்திரம் உறுமத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். கரையோரக் கண்ணாக் காட்டின் (அலையாத்திக் காட்டின்) சேற்று வாசனை மெல்லக் குறைந்து நடு ஆற்றின் உப்புக் காற்று வரும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே நாங்கள் இந்த வழியைச் சொல்கிறோம்.

கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று காலையிலேயே விசாரித்து வையுங்கள். நாங்களே ஒரு தடவை, கோயில் வாசலில் கச்சான் கடலை கொறித்தபடி கதை பேசி நின்று, பொழுது பட்ட பிறகு துறைக்கு வந்து, நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறோம். அது திரும்பவில்லை. வெல்லாவெளி வரை வந்த வழியே திரும்பிப் பட்டிருப்பைச் சுற்றி வீடு வந்து சேர்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

கண்ணகி கோயில்கள் இங்கே அதிகம் என்று கேள்விப்பட்டோம். விடுமுறையில் பார்க்கலாமா?

பார்க்க விரும்பினால் வைகாசியிலேயே வாருங்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் கண்ணகை அம்மன் என்றே சொல்வோம். இவற்றுள் பலவற்றின் கதவு ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். 'கதவு திறந்தாயிற்று' என்ற செய்தியோடு ஊர் மாறிவிடும். வெளியூரில் வேலை செய்பவர்கள் எல்லோரும் வந்து சேர்வார்கள். கடைசி இரவில், மதுரையை எரித்த அம்மனின் வெப்பத்தைத் தணிப்பதற்காகத் திருக்குளிர்த்தி நடக்கும். கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை காவியம் பாடப்படுவதை அருகிலிருந்து கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழூர் ஆகிய இடங்கள் குறிப்பிடத்தக்கவை. ஆவணியில் வருகிறவர்கள் பூட்டிய கதவையும் வெறும் முற்றத்தையுமே காண்பார்கள்.

ஆடியில் வருகிறவர்களுக்கு வேறு விழாக்கள் உண்டு. ஆடி அமாவாசைத் தீர்த்தம் அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயக் குளத்திலும், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலுக்கு முன்னால் கடலிலும் நடக்கும். மாமாங்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. திருக்கோவிலில் கடல் பெரிது, கூட்டம் பரவிவிடும். எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

பாடும் மீன் உண்மையில் பாடுமா?

ஏதோ ஒன்று ஒலி எழுப்புகிறது. அது மீன்தானா என்பதில்தான் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆங்கில ஆட்சியில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 இல் இங்கே வந்தபோது இரவில் தோணியில் போய் அதைக் கேட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலியோடு ஒப்பிட்டு எழுதினார். மீனவர்கள் அவரிடம் சொன்னது மீனை அன்று, ஊரியை. நீரடியில் கிடக்கும் சங்கினம் அது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகள் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த ஒலியைப் பதிவும் செய்தார்.

கேட்க வேண்டுமானால் கோடையில், பௌர்ணமியை ஒட்டிய இரவில், நள்ளிரவுக்கு மேல், கல்லடிப் பழைய பாலத்தின் அருகே ஒரு தோணியில் போகவேண்டும். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைப்பதே பழைய முறை. புதிய பாலம் 2013 இல் திறந்த பிறகு பக்கத்தில் வாகன இரைச்சல் ஓய்வதில்லை. ஆகவே பாலத்திலிருந்து விலகிப் போகச் சொல்லுங்கள். கட்டாயம் கேட்கும் என்று உறுதி சொல்லிப் பணம் வாங்குபவரை நம்ப வேண்டாம். எதுவும் கேட்காமல் போனாலும் நிலவும் வாவியும் இருக்கும்.

பகலில் வருகிறவர்கள் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதியைப் பார்க்கலாம். 1947 இல் மறைந்த அவர் அடக்கம் செய்யப்பட்டது அங்கேதான். பாலமீன்மடுவில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் அருகே 1913 இல் கட்டிய 28 மீற்றர் உயர வெளிச்சவீடு இருக்கிறது. மாலையில் குடும்பத்தோடு போக ஏற்ற இடம்.

வடக்கே, பாசிக்குடாவைத் தாண்டினால் என்ன இருக்கிறது?

வாழைச்சேனை தாண்டித் திருகோணமலை வீதியில் ஏறினால் பனிச்சங்கேணிப் பாலம், வாகரை, கண்டலடி, பால்சேனை, கதிரவெளி, அதற்கப்பால் மாவட்ட எல்லையில் வெருகல் ஆறு. பனிச்சங்கேணியில் களப்பும் கண்ணாக் காடும் கடலும் ஒரே பார்வையில் அடங்கும். கதிரவெளியில் பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள் கண்டறியப்பட்டுள்ளன. தொல்லியலில் நாட்டமுள்ளவர்கள் உள்ளூரில் விசாரித்துப் போகலாம். இந்தக் கரையில் வாழும் கரையோர வேடர் சமூகத்தினர் இன்று தமிழ் பேசுகிறவர்கள், மீன்பிடியும் தேனெடுப்பும் அறிந்தவர்கள். அவர்களைக் காட்சிப் பொருளாக்கிப் படம் எடுக்க நிற்பவர்களைக் கண்டால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

வாகரையில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் நண்டும் இறாலும் கேளுங்கள். ஆனி, ஆடியில் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். வாங்கிச் சாப்பிட்டு முடித்ததும் உதடு ஒட்டிக்கொள்ளும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

குடும்பிமலைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் அரை மனதோடு போகும் இடம் அன்று. கிரானிலிருந்து மேற்கே நெடுந்தூரம் உள்ளே போகவேண்டும். தலையில் முடிந்த குடும்பி போலத் தெரியும் அந்தப் பாறைக்குத் தொப்பிகல என்ற பெயரும் உண்டு. 2007 யூலையில் போர்ச் செய்திகளில் நாள்தோறும் அடிபட்ட பெயர் அதுதான். மழைக்காலத்தில் கிரான் பாலத்தடியில் வெள்ளம் பாய்ந்து அப்பால் உள்ள ஊர்கள் துண்டிக்கப்பட்டுவிடும் என்பதால் கோடையே ஒரே காலம். நடந்து பழகிய வழியை விட்டு விலகிப் புதருக்குள் இறங்க வேண்டாம். அந்தப் பக்கமெல்லாம் மேய்ச்சல் தரை. மாட்டுப்பட்டிகள் வீதியை மறித்து நிற்கும்போது ஹோன் அடிக்காமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருங்கள், பட்டிக்காரர் வந்து விலக்கிவிடுவார்.

பதுளை வீதி வழியாகப் போனால்?

செங்கலடியில் திரும்பும் பதுளை வீதியைப் பெரும்பாலோர் மலைநாட்டுக்குப் போகும் குறுக்கு வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். அதன் இரு பக்கமும் உள்ளே உறுகாமம், உன்னிச்சை ஆகிய குளங்கள் இருக்கின்றன. மட்டக்களப்பு நகரின் குழாய்நீர் உன்னிச்சையிலிருந்து வருவதுதான். மாலையில் குளக்கட்டில் நின்றால் தோணிகள் கரைதிரும்புவதையும், மறுகரைக் காட்டின் மேல் சூரியன் இறங்குவதையும் பார்க்கலாம். குளிக்க இறங்க வேண்டாம், முதலை உண்டு.

இன்னும் மேற்கே போனால் அம்பாறை மாவட்டத்துக்குள் மகாஓயா. நகரத்தை ஒட்டியே வெந்நீர்க் கிணறுகள் சில உள்ளன, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஒன்றில் கையை வைத்து எடுக்கவே முடியாது. கோடை நண்பகலில் வெந்நீர்க் கிணற்றுக்குப் போவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் போனால் ஆவி எழுவது கண்ணுக்குத் தெரியும்.

அம்பாறை நகரப் பக்கம் எதைப் பார்ப்பது?

இரண்டு இடங்கள். முதலாவது இங்கினியாகலை. நாம் பட்டிப்பளை ஆறு என்றும் சிங்களத்தில் கல்ஓயா என்றும் சொல்லும் ஆற்றை மறித்து, 1949 இல் தொடங்கிக் கட்டிய பெருநீர்த்தேக்கத்துக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர். சமுத்திரம் என்பது மிகையில்லை. அதைச் சுற்றிய காடு 1954 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. இலங்கையின் மற்றப் பூங்காக்களில் பெரும்பாலும் ஜீப்பில் போவோம். இங்கே படகிலும் போகலாம். பங்குனி முதல் ஆடி வரையான மாதங்களில், தீவுக்குத் தீவு யானைகள் நீந்திப் போவதைக் காண வாய்ப்பு அதிகம்: நீர்மட்டத்தில் தும்பிக்கை முனையும் நெற்றி மேடும் மட்டும் தெரியும், முதலில் மிதக்கும் மரக்கட்டை என்றே நினைப்பீர்கள்.

இரண்டாவது ராஜகல. அம்பாறைக்கு வடக்கே மலைமேல் பரந்து கிடக்கும் பழைய பௌத்த மடாலயத்தின் எச்சம். பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த மகிந்த தேரரைக் குறிப்பிடும் பழைய கல்வெட்டு இங்கே இருப்பதால் வரலாற்றாசிரியர்கள் இதைப் பெரிதாக மதிக்கிறார்கள். அனுராதபுரத்தில் கயிறு கட்டித் தூர நின்று பார்க்க வைப்பது போல இங்கே இல்லை; காட்டுக்குள் படி ஏறி ஏறி, பாதி செதுக்கிய கல் ஒன்று மரவேருக்குள் கிடப்பதைத் தாண்டித்தான் மேலே போகவேண்டும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், யானை நடமாட்டத்தை வாசலில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

கல்முனை வீதியால் தெற்கே போகும்போது எங்கே நிறுத்தலாம்?

காத்தான்குடியில் வீதி நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்சை மரங்களை எல்லோரும் வாகனத்துக்குள் இருந்தே படம் எடுப்பார்கள். இறங்கிப் பூர்வீக நூதனசாலையைப் பார்ப்பவர் குறைவு. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையைக் காட்டும் அந்த இடத்துக்கு ஒரு மணித்தியாலம் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் இந்தக் கரையோர ஊர்களில் கடைகள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருதமுனையில் கைத்தறிச் சத்தம் தெருவில் நடக்கும்போதே கேட்கும். சாரமோ சேலையோ வாங்க விரும்பினால் பிரதான வீதிக் கடையில் மட்டும் பார்க்காமல், நெசவு நடக்கும் இடத்தைக் கேட்டு உள்ளே போங்கள். தறியில் இருப்பவர் வேலையை நிறுத்தாமலே பதில் சொல்வார்; நூல் சாயம் போகுமா என்று கேட்டால் மட்டும் கையை நிறுத்திவிட்டு உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அடுத்து கல்முனைக்குடியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேற்று விழா நடக்கும் கடற்கரைப் பள்ளிவாசலும், 1892 இல் விபுலானந்தர் பிறந்த காரைதீவும். புரட்டாசியில் வந்தால் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதையை நாளுக்கு நாள் நிகழ்த்திக் காட்டித் தீமிதிப்பில் முடிப்பதைப் பார்க்கலாம்.

அறுகம்பேயோடு திரும்ப விருப்பமில்லை. அதற்கப்பால் என்ன?

பொத்துவிலுக்கு வருமுன்பே, கோமாரியை ஒட்டிச் சங்கமன்கண்டி வருகிறது. இலங்கைத் தீவின் மிகக் கிழக்கான முனை அதுதான். அங்கே பெயர்ப்பலகையும் கோட்டையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பாறையும் கடலும் பிள்ளையாருமே உண்டு.

பொத்துவிலிலிருந்து மேற்கே மொனராகலை வீதியில் லகுகல. பூங்கா சிறியது, ஆனால் ஆடி, ஆவணியில் குளத்துப் புல்லுக்கு யானைகள் கூட்டமாக வரும், சில நாட்களில் வீதியிலிருந்தே தெரியும். அதற்காக வீதியில் இறங்கி நிற்பது மடைமை.

தெற்கே அறுகம்பே தாண்டினால் பாணமை. தமிழும் சிங்களமும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்ந்த ஊர். கண்ணகையைப் பத்தினி என்று வணங்கிக் கொம்பு விளையாட்டு நடத்தும் ஊர். அதற்கப்பால் காட்டு வழியே உகந்தை. முருகன் கல்லோடத்தில் வந்திறங்கிய இடம் என்பது ஐதிகம். கீழே முருகன், மேலே பாறையில் வள்ளியம்மை, பாறைக் குழிகளில் தேங்கிய நீர், எதிரே யாருமற்ற கடல். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இங்கே கூடி, ஆனி, ஆடியில் காட்டுவழி திறந்ததும் குமணைக் காட்டுக்குள் இறங்குவார்கள். ஊன்றுகோலில் வேப்பிலையும் தலையில் சிறு மூட்டையுமாக, யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தே வந்த எழுபது வயது அம்மா ஒருவர், வேனிலிருந்து இறங்கிய எங்களைப் பார்த்து 'களைப்பா மக்காள்?' என்று கேட்டதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

உகந்தையே குமணைப் பூங்காவின் வாசலும். குமணை வில்லு எனப்படும் நீர்நிலையில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் சித்திரை முதல் ஆடி வரை. உள்ளே போக உயரமான ஜீப் வேண்டும். பொத்துவிலில் எரிபொருள் நிரப்பாமல் இந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

சிறு பிள்ளைகளும் முதியவர்களும் வருகிறார்கள். எதைத் தவிர்ப்பது?

ராஜகலவையும் குடும்பிமலையையும். மற்றவை எல்லாம் வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து சிறு நடை. ஊர்க் கடற்கரைகளில் மீனவரிடம் கேளாமல் இறங்க வேண்டாம், கடல் அமைதியாக இருந்தாலும் அடி ஆழம் ஊருக்கு ஊர் வேறு.

வீதியில் எதைக் கவனிக்க வேண்டும்?

நகருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பதே சட்ட வேகம். நீண்டு நேராகக் கிடக்கும் வீதியைப் பார்த்து அதை மறந்துவிடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் வீதியின் ஓரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதன்மேல் ஏற்ற வேண்டாம். ஒரு குடும்பத்தின் நாலு மாத உழைப்பு அது. இருட்டியதும் மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு எருமை முகப்பு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். லகுகல, மகாஓயா, இங்கினியாகலை, பாணமைப் பக்கங்களில் பொழுது பட்ட பின் யானை. மாலை ஆறு மணிக்கு மேல் உட்புற வீதியில் ஓடுவதில்லை என்று ஒரு முடிவு எடுத்துக்கொண்டு வந்தால் பாதிக் கவலை குறைந்துவிடும்.

திரும்பும்போது என்ன வாங்கிப் போகலாம்? தயிர் கொழும்பு வரை தாங்குமா?

மருதமுனைச் சாரம், வீதியோரத்தில் வறுத்துக் கட்டிய கஜு, பருவத்தில் காட்டுத்தேன். தேனை வாங்கும்போது சுவைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம், சீனிப்பாகு கலந்து விற்பவர்களும் உண்டு.

எருமைத் தயிர் தாங்கும். புறப்படும் நாள் காலையில், முதல் நாள் உறை ஊற்றிய சட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சட்டியைச் சற்றுச் சாய்த்தால் தயிர் அசையக் கூடாது, ஓரத்தில் தண்ணீர் விட்டிருக்கக் கூடாது. மண்சட்டி மூச்சு விடுவதால் உள்ளே குளிர்ச்சியாகவே இருக்கும். அதைப் பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டினால் வேர்த்துப் புளித்துவிடும். வாயைக் கடதாசியால் மூடி, வேனின் பின்பக்கத்தில் வைக்காமல், முன் இருக்கையின் காலடியில் இரண்டு சாரத்துக்கு இடையே நிற்க வையுங்கள். வளைவுகளில் மட்டும் யாராவது ஒருவர் காலால் அணைத்துக்கொள்ள வேண்டும்.